சேவல் பார்த்த பக்கம்

மலையடிவாரத்து ஸ்கெல்பெக் ஊர்ப் பிள்ளைகள் நேரம் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே சேவல் பார்க்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். தேவாலயக் கோபுரத்தின் உச்சியில், செம்பில் அடித்துப் பொன்முலாம் பூசிய சேவல். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் திரும்பி அலகை நீட்டும். அலகு தென்மேற்கே இருந்தால் மழை வந்தாலும் வரும், ஆனால் கூரை பிழைத்துக்கொள்ளும். அலகு வடகிழக்கே, அதாவது நேராக மலையைப் பார்த்து நின்றால், கோழிக்கூண்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட வேண்டியதுதான். மலையுச்சியைத் தாண்டிச் சரிவில் விழுந்து வருகிற அந்தக் காற்றுக்கு ஹெல்ம் என்று பெயர். வேறு எந்த ஊர்க் காற்றுக்கும் பெயர் கிடையாதாம், தங்கள் காற்றுக்குத்தான் உண்டாம். கூரையைப் பறிகொடுத்த கையோடு அதைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊர் அது.

அதனால்தான் போனில் காற்று முன்னறிவிப்பு வரத் தொடங்கியதும் ஊரே சேர்ந்து ஒரே தப்பைச் செய்தது. போனில் காற்றின் வேகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்பு இருக்கும். அம்பின் முனையைச் சேவலின் அலகு என்று எடுத்துக்கொண்டார்கள். முனை எந்தப் பக்கமோ காற்று அந்தப் பக்கமிருந்து வரும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அம்போ, காற்று போகிற பக்கத்தைக் காட்டுகிறது. நேர் எதிர். இத்தனை வருஷமாக எப்படிக் கவனிக்காமல் இருந்தார்கள் என்று கேட்டால், திசைக்குச் சேவல் இருக்கும்போது அம்பை யார் பார்த்தார்கள்? வேகத்தைப் பார்ப்பார்கள், மழை உண்டா என்று பார்ப்பார்கள், போனைப் பைக்குள் போடுவார்கள். அவ்வளவுதான்.

ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் டோரீன் டாலன்டைர். அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடத்து மினி பஸ் ஓட்டுகிறவள். வாய் கொஞ்சம் நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்பதுதான் அவள் யாரிடமும் சொல்லாத கதை.

ஸ்கெல்பெக்கில் மே மாதக் கடைசித் திங்கள்கிழமை ஊர்த் திருவிழா. மேளக்குழு வரும், பிள்ளைகள் வண்ண நாடாக் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள், யார் தோட்டத்து ருபார்ப் என்கிற புளிப்புக் கீரைத் தண்டு நீளம் என்று அடிதடி நடக்கும். பன்னிரண்டு மணிக்குப் பெரிய கூடாரத்துக்குள் நூற்றிருபது பேர் உட்கார்ந்து பன்றித்தொடைக் கறியும் ரொட்டியும் சாப்பிடுவார்கள். இருபது வருஷம் அந்தக் கூடாரத்துக்கு டோரீன்தான் பொறுப்பு. முளை அடிப்பது முதல் கடைசிக் கயிற்றைச் சுருட்டுவது வரை அவள் கை படாமல் நடக்காது.

மூன்று வருஷத்துக்கு முந்திய திருவிழாவுக்கு முதல் நாள், சேவல் அசையாமல் நின்ற ஒரு புழுக்கமான சாயங்காலம், அவள் போனை எடுத்துப் பார்த்தாள். அம்பின் முனை வடகிழக்கைக் காட்டியது. ஹெல்ம் வருகிறது என்று கூடாரத்தைக் கழற்றித் திருவிழாவையே ரத்து செய்ய வைத்தாள். மறுநாள் தென்மேற்கிலிருந்து கன்றுக்குட்டி மூச்சு விடுவது போல ஒரு காற்று. அருமையான வெயில். ஊர் ஒரு வாரம் மூன்று வேளையும் பன்றித்தொடையே தின்று தீர்த்தது. அன்றிலிருந்து அவளுக்கு ‘ஹெல்ம் டோரீன்’ என்று பெயர். அவள் மதுக்கடைக்குள் நுழைந்தால் யாராவது ஒருத்தன் விரலை நக்கி மேலே தூக்கிக் காற்றுப் பார்ப்பான். எல்லாரும் சிரிப்பார்கள்.

அவள் வானிலை அலுவலகத்துக்குச் சண்டை போட்டுக் கடிதம் எழுதினாள். ஒரு பெண் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தாள். முன்னறிவிப்பு தப்பவில்லை, நீங்கள் அம்பைத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள். அம்பு காற்று போகிற பக்கம் பார்க்கும். இன்னொன்று, அந்த வேகம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் போட்ட கணக்கு. மலையை ஒட்டிய ஊர்க்காரர்கள் முதலில் திசையைப் பாருங்கள், வேகத்தை அப்புறம் பாருங்கள். டோரீன் அந்தக் கடிதத்தை நான்காக மடித்து பஸ்ஸில் உரிமம் வைக்கிற பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். காற்றுதான் ஏமாற்றிவிட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. முட்டாள்தனம் தன்னுடையது என்று சொல்லி மேலும் ஒரு சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் அம்பையும் சேவலையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த இரண்டும் ஒரே பக்கம் பார்க்கவில்லை.

இந்த வருஷத் திருவிழாவுக்கு முதல் நாள், ஞாயிறு சாயங்காலம் ஊர் மன்றத்தில் கூட்டம். கூடாரப் பொறுப்பு இப்போது நார்மன் சவர்பியிடம். டோரீனோடு ஒரே வகுப்பில் படித்தவன். கோபுரத்துச் சேவலுக்கு முதன்முதலில் பொன்முலாம் பூசியது அவன் தாத்தா என்பதால் ஊரின் காற்றே தன் குடும்பச் சொத்து என்பது போல நடந்துகொள்வான். டோரீன் நாற்காலிகளை பஸ்ஸில் ஏற்றி வந்து இறக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது. ஆனால் காது இருந்தது.

மன்றத்துக்குள் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான ஜன்னலோரம் நின்று நார்மன் போனை உயர்த்திக் காட்டினான். நாளைக்குப் பதினொரு மணியிலிருந்து ஐந்து மணி வரை பதினெட்டு மைல் வேகம். அம்பு தென்மேற்கு. கூடாரம் நாற்பது வரை தாங்கும் என்று அதை வாடகைக்குக் கொடுத்தவன் எழுதியே கொடுத்திருக்கிறான். அப்புறம் என்ன கவலை என்றான்.

டோரீன் கையிலிருந்த நாற்காலிகளைக் கீழே வைத்தாள். அது தென்மேற்கு இல்லை, வடகிழக்கு, நாளைக்கு ஹெல்ம் வருகிறது என்றாள். பின்வரிசையில் ஒருவன் விரலை நக்கித் தூக்கினான். மன்றமே குலுங்கிச் சிரித்தது.

நார்மன் சிரிக்கவில்லை. அவளுக்காகப் பரிதாபப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

“இங்க பாரு டோரீன்,” என்றான். “போன்ல அம்பு தென்மேற்கப் பாக்குது. வெளிய எட்டிப் பாரு, சேவலும் இந்த நிமிஷம் தென்மேற்கத்தான் பாக்குது. ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றாங்க. நீ மட்டும் வேற சொல்ற.”

“சேவல் இன்னைக்குக் காத்தச் சொல்லுது. அம்பு நாளைக்குக் காத்தச் சொல்லுது. அம்பு, காத்து போற பக்கம் பாக்கும் நார்மன், வர்ற பக்கம் இல்ல.”

“எந்த மடையன் காத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு அம்பு போடுவான்? யார் சொன்னா ஒனக்கு?”

கேட்டது நியாயமான கேள்வி. பதில் பஸ்ஸுக்குள் நான்காக மடித்து இருந்தது. அதை எடுத்து வந்து நீட்டினால் முதல் வரியிலேயே அவளுடைய அந்த வருஷத்துக் கூத்து இருக்கிறது, தேதியோடு. இருபது பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

அதைவிட மட்டமான பதில் உலகத்தில் இல்லை. அவளுக்கே தெரிந்தது. சிரிப்பு இரண்டாவது தடவை எழுந்தபோது அவள் பாதி நாற்காலிகளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினாள்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தன்னைப் பார்த்துச் சிரித்ததுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கூடாரத்தின் நடுக்கம்பம் ஒவ்வொன்றும் ஆளைவிட மூன்று மடங்கு உயரம். நாளை மத்தியானம் அதற்குக் கீழே நூற்றிருபது தலைகள். முன்வரிசை முழுக்க நடக்க முடியாதவர்கள். வாசலுக்குப் பக்கம் வசதி என்று அவளே ஏற்படுத்திய வழக்கம் அது. ‘என் மானத்துக்காக இவர்கள் தலையில் கம்பம் விழ வேண்டுமா’ என்று கேட்டுக்கொண்டாள். மானத்தையும் விட மனமில்லை, கம்பத்தையும் விழ விட மனமில்லை. விடிந்ததும் ஒரு வழி கிடைத்தது.

ஐந்து மணிக்கு பஸ்ஸை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். இலை அசையவில்லை. சேவல் நேற்று விட்ட இடத்திலேயே தென்மேற்கைப் பார்த்து அசடு வழிய நின்றது. மலையுச்சியின் மேல் மட்டும் வெள்ளையாக ஒரு மேகம், தொப்பி கவிழ்த்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ஹெல்ம் வருமுன் அது அப்படித்தான் உட்காரும். ஆனால் அந்தத் தொப்பி சும்மா உட்கார்ந்துவிட்டுச் சும்மா கலைந்த நாளும் உண்டு.

இருபது வருஷம் நிறுத்திய கூடாரத்தைப் படுக்க வைக்க அவளுக்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. சுற்றுக் கயிறுகளைத் தளர்த்தினாள். ஓரக் கம்பங்களை ஒவ்வொன்றாக உருவினாள். நடுக்கம்பங்களின் அடியில் கயிறு கட்டி, மறுமுனையை பஸ்ஸில் மாட்டி, நான்கு கஜம் மெதுவாக ஓட்டினாள். மாடு படுப்பது போலக் கூடாரம் முதலில் முன்பக்கம் மண்டியிட்டு, பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு மொத்தமாகப் படுத்தது. கம்பங்களை வேலியோரம் உருட்டி ஒதுக்கினாள். இத்தோடு விட்டால் நார்மன் பத்து ஆள் பிடித்து ஒரு மணி நேரத்தில் தூக்கி நிறுத்திவிடுவான். அதனால் துணியைச் சுருட்டி மடித்து, அதன் மேலேயே பஸ்ஸை ஏற்றி நிறுத்தினாள். சாவியை இடது ரப்பர் பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு நார்மன் வந்தான். வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினான். போலீஸைக் கூப்பிடுவேன் என்றான். கூப்பிடு, பக்கத்து டவுனிலிருந்து அவர் வர மத்தியானம் ஆகும், நான் எங்கேயும் போகவில்லை என்றாள். பஸ்ஸை எடு என்றான். சாவி பூட்ஸில் இருக்கிறது, தைரியம் இருந்தால் கையை விட்டு எடுத்துக்கொள் என்றாள். அதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. மேளக்குழுக்காரர்கள் ஊதுகுழல்களைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் ஊர் தன் வழக்கப்படி அவளை மதிக்காமல் விட்டுவிட்டது. வெயில்தான் அடிக்கிறதே, வெளியிலேயே சாப்பிடலாம் என்று மேஜைகளைப் புல்லில் வரிசையாகப் போட்டார்கள். வெள்ளை விரிப்பு, கோப்பைகள், பூ. நார்மனின் மனைவி பரிசுக்குலுக்கலுக்காக இரும்புக்கால் போட்ட தன் சின்னப் பந்தலை நட்டாள். டோரீன் அதைக் கழற்றச் சொன்னாள். அவளோ காது கேட்காத மாதிரி நாலு முளை அடித்துவிட்டுப் போனாள்.

ஒன்பது மணி. பத்து மணி. காற்று இல்லை. மேளம் முழங்கியது, பிள்ளைகள் நாடாக் கம்பத்தைச் சுற்றி ஆடினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பஸ்ஸைக் கடக்கும்போது விரலை நக்கித் தூக்கினார்கள். ஒருவன் தொப்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, புயலில் மாட்டியவன் போலத் தள்ளாடி நடந்து காட்டினான். டோரீன் அவனையே வெறித்துப் பார்த்தாள். மறுபடியும் தப்பாகப் படித்திருந்தால்? போனை எடுத்துப் பார்த்தாள். அம்பு தென்மேற்கைக் குத்திக்கொண்டு நின்றது. முனை அங்கே, வால் மலைப் பக்கம். எத்தனை தடவை பார்த்தாலும் அதுவேதான்.

பதினொன்றுக்கு வேரா தேநீர் கொண்டுவந்தாள். சமையல் பொறுப்பு அவளுடையது. டோரீனுக்கு இந்த ஊரில் மிச்சமிருந்த ஒரே சிநேகிதி.

“அடியே, போதும்டி,” என்றாள். “ஒரு மன்னிப்பக் கேட்டுட்டு வண்டிய எடு. நான் நார்மன்கிட்ட பேசிக்கறேன்.”

“மாட்டேன்.”

“காத்து வரலைன்னா?”

“வரலைன்னாலும் நான் செஞ்சது சரிதான். அடுத்த வருஷமும் அம்பு இப்படி இருந்தா அடுத்த வருஷமும் கழட்டுவேன். ஆளுங்கள உள்ள உக்கார வெச்சுக்கிட்டு வருதா வரலையான்னு பாக்க முடியாது.”

வேரா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் போய், பன்றித்தொடைத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தேவாலயத்துக்குள் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினாள். ஈ மொய்க்கிறது என்று கேட்டவர்களிடம் சொன்னாள். ஈ ஒன்றையும் காணோம்.

பதினொன்று இருபதுக்கு மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்சுவருக்கு இந்தப் பக்கம் வந்து படுத்தன. பிறகு மலையிலிருந்து ஓர் இரைச்சல். ரயில் வருவது போல, ஆனால் அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது. மேளம் நின்றது. எல்லாரும் ஒரே நேரத்தில் கோபுரத்தைப் பார்த்தார்கள். சேவல் நடுங்கியது. ஒரே வீச்சில் அரை வட்டம் சுற்றி, மலையைப் பார்த்து அலகை நீட்டி விறைத்து நின்றது.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. விரிப்புகள் கோப்பைகளோடு எழுந்து பறந்தன. மேஜைகள் குட்டிக்கரணம் போட்டன. ருபார்ப் தண்டுகள், முதல் பரிசு வாங்கியதும் வாங்காததும், ஒன்றாகச் சேர்ந்து ஆற்றுப்பக்கம் போயின. திறந்த மைதானம் என்பதால் ஓட முடிந்தது. டோரீன் படிக்கட்டிலிருந்து குதித்து, நடக்க முடியாதவர்களைப் பக்கத்துக்கு ஒருவராகத் தாங்கிக்கொண்டு தேவாலயத்துக்கும் மைதானத்துக்குமாக ஆறு தடவை போய் வந்தாள். நாலாவது தடவை எதிரில் நார்மன், அவன் மாமியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். கத்தினாலும் கேட்காத காற்று.

நார்மன் மனைவியின் பந்தல் நாலு முளையையும் பிடுங்கிக்கொண்டு கிளம்பி, தேவாலய மதிலைத் தாண்டி, கல்லறை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது. அதன் இரும்புக்கால்கள் கட்டுக்கம்பி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தன. நாற்காலி பத்தோ பன்னிரண்டோ போடக்கூடிய பந்தல் அது. தேவாலய ஜன்னல் வழியாக எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு பஸ்ஸுக்கு அடியில் ஓரம் மட்டும் படபடத்துக்கொண்டிருந்த பெரிய கூடாரத்துணியைப் பார்த்தார்கள். கோபுரத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. சாப்பாட்டு நேரம்.

தலைகளை எண்ணினார்கள். எல்லாரும் இருந்தார்கள். ஒருவருக்கு முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நார்மன் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றான். தோற்றவன் ஜெயித்தவன் மாதிரி பேசுவது ஒரு கலை, அது அவனுக்குக் கைவந்தது. போன் தென்மேற்கு, பதினெட்டு என்று பொய் சொல்லிவிட்டது என்றான். ஆனால் டோரீனின் எலும்புக்குக் காற்று தெரியும், இனி போனைத் தூக்கிப் போட்டுவிட்டு வருஷாவருஷம் டோரீனின் எலும்பைக் கேட்போம் என்றான். கை தட்டினார்கள். தேவாலயத்துப் போதகரம்மா கூடாரப் பொறுப்பை மறுபடி அவளுக்கே தரலாம் என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். மூன்று வருஷமாக விரலை நக்கித் தூக்கியவன்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

டோரீன் அப்படியே தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டிருக்கலாம். அவள் மனசு கேட்டதும் அதுதான். மூன்று வருஷத்து அவமானம் மொத்தமும் ஒரு கைதட்டலில் கழுவிப் போய்விட்டது. ஆனால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. எலும்பாம். நாளைக்கு அவள் செத்தால் எலும்பும் கூடப் போகும், இவர்கள் அம்பைச் சேவலாகவே படித்துக்கொண்டு இன்னொரு கூடாரத்துக்குக் கீழே போய் உட்காருவார்கள். அவள் கதவைத் தோளால் முட்டித் திறந்து, காற்றை எதிர்த்துக் குனிந்து நடந்து, பஸ்ஸுக்குப் போய் வந்தாள். வரும்போது கையில் நான்காக மடித்த கடிதம் இருந்தது.

“எலும்பும் இல்ல ஒண்ணும் இல்ல,” என்றாள். “போன் பொய் சொல்லல. வடகிழக்குன்னு நேத்தே சொல்லிடுச்சு. நீங்கதான் தலைகீழாப் படிச்சீங்க. எனக்கு எப்படித் தெரியும்னு நேத்து கேட்டியே நார்மன், இப்பக் கேளு.”

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். தேதியையும் விடவில்லை. ‘நீங்கள் அம்பைத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள்’ என்ற வரியை வேகமாகப் படித்துத் தாண்டினாள். பிறகு திரும்பி வந்து அந்த வரியையே மறுபடி ஒரு தடவை, இன்னும் சத்தமாகப் படித்தாள்.

“மூணு வருஷம் முன்னாடி திருவிழாவக் கெடுத்தது காத்து இல்ல, நான்தான்,” என்றாள். “இதே தப்பத்தான் நானும் செஞ்சேன். நேத்தே இதக் காட்டியிருந்தா இத்தன கூத்து வந்திருக்காது. சிரிப்பீங்கன்னுதான் காட்டல. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. வெளியே ஹெல்ம் மட்டும் கூரை ஓடுகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

நார்மன் போனை எடுத்துப் பார்த்தான். கதவை ஒரு முழம் திறந்து, தலையை வெளியே நீட்டி, அண்ணாந்து கோபுரத்துச் சேவலைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். அம்பு ஒரு பக்கம், அலகு மறுபக்கம். அப்புறம் போனை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான்.

“இப்படிப் பிடிச்சா சரியா இருக்கு,” என்றான்.

“எப்படி வேணும்னாலும் பிடிச்சுக்க. காத்து எங்கேருந்து வருதுன்னு சொல்லு.”

அவன் மோவாயால் மலைப் பக்கம் காட்டினான்.

“வாயால சொல்லு நார்மன். எல்லாருக்கும் கேக்கட்டும்.”

அவன் ஊரைப் பார்த்தான். மாமியாரைப் பார்த்தான். கடைசியாகக் கையிலிருந்த அம்பைப் பார்த்தான்.

“வடகிழக்கு,” என்றான்.

டோரீன் பெஞ்சில் உட்கார்ந்து, இடது பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்து, காலையில் அவன் கேட்டும் தராத பஸ் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.